களிமண்ணுக்குக் கரம்பை

களிமண் நிலத்துக்குக் கரம்பை அடித்தவள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். விவரம் தெரிந்தவர்கள் இதைப் படித்ததும் சிரித்துவிடுவார்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கரம்பை என்பது கண்மாய்க்குள் படிந்து கிடக்கும் வண்டல். கோடையில் கண்மாய் வற்றியதும் அதை வெட்டி மேட்டுக் கொல்லைகளுக்கு அடிப்பார்கள். அதில் பெரும்பங்கு நைசான களி. ஏற்கெனவே களியாகக் கிடந்த என் மனையில், கையில் இருந்த காசைக் கொடுத்து, இன்னும் கொஞ்சம் களியை வாங்கிக் கொட்டிக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது கண்டுபிடித்துச் சொல்வதைவிட அது மேல்.

காரைக்குடியை ஒட்டிய கோவிலூரை வெளியூர்க்காரர்களுக்கு மடத்தை வைத்துத்தான் தெரியும். கொற்றவாளீசுவரர் கோயில், வேதாந்தம் படிப்பிக்கும் மடாலயம். உடம்பே மண்தான் என்று விசாரம் பண்ணுகிற ஊரில், மனை வாங்க வருகிறவர்கள் மண் என்ன ரகம் என்று விசாரிப்பதில்லை. நானும் விசாரிக்கவில்லை. பட்டா, வில்லங்கம், தார் ரோடு, போரில் எத்தனை அடியில் தண்ணீர் என்று எல்லாவற்றையும் கேட்டேன். மண்ணை மட்டும் கேட்கவில்லை.

செட்டிநாட்டு மண் என்றாலே செம்மண், சரளை, செம்புறாங்கல் என்றுதான் மனதில் வரும். மேட்டில் அது சரி. ஆனால் இந்தச் சீமை மேடும் பள்ளமுமாகக் கிடப்பது. மேட்டில் பெய்த மழை ஓடிவந்து கண்மாயில் நிற்கும். கண்மாய்க்குக் கீழே வயல். நைசான மண் எல்லாம் தலைமுறை தலைமுறையாகத் தண்ணீரோடு இறங்கிவந்து பள்ளத்தில் படிந்திருக்கிறது. ஆகவே ரோட்டுக்கு இந்தப் பக்கம் சரளை, அந்தப் பக்கம் களி என்பது இங்கே சாதாரணம். என் மனை அந்தப் பக்கம். நெல் விளைந்த வயல், கல் ஊன்றி பிளாட் ஆனது.

வயலாக இருந்தது என்பதில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. அதை நான் வெகுநாள் கழித்துத்தான் யோசித்தேன். நெல்லுக்கு நிலத்தைத் தயார் பண்ணுவது என்றால் என்ன? தண்ணீர் கட்டி, உழுது, மிதித்து, தொளி கலக்குகிறார்கள். மண்ணில் இருக்கும் கட்டிகளையும் காற்றறைகளையும் உடைத்துக் கூழாக்குகிறார்கள். தண்ணீர் கீழே இறங்கிவிடக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்வது. வருஷா வருஷம் அதே ஆழத்தில் கலப்பையும் கால்களும் அழுத்துவதால் அரையடிக்குக் கீழே ஓர் இறுகிய படலம் உண்டாகிவிடும். கலப்பையடி இறுக்கம் என்பார்கள். நெல்லுக்கு அது வரம். அந்த நிலம் எத்தனையோ தலைமுறையாகத் தண்ணீரைக் கீழே விடாதே என்று பழக்கப்பட்ட நிலம். அதன்மேல் நான் போய் மல்லிகையும் கொய்யாவும் நாரத்தையும் வைத்துவிட்டு, ஏன் வேர் அழுகுகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

வீடு கட்டும்போது நடந்த கூத்து வேறு. வானம் தோண்டிய மண்ணை வெளியே கொண்டுபோய்க் கொட்டக் கூலி ஆகும் என்று மனைக்குள்ளேயே நிரவிவிட்டார்கள். ஆழத்து மண் மேலே, மேல்மண் அடியில். அதன்மீது ஜல்லி லாரியும் ஜேசிபியும் ஏறி இறங்கின. சிமெண்டுக் கலவை கழுவிய தண்ணீர் ஓடி ஒரு மூலையில் வெள்ளையாகப் படிந்தது. இதெல்லாம் முடிந்து, கிரகப்பிரவேசத்துக்கு முன்னால் தோட்டம் வந்துவிட வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். உறவுக்காரர்கள் வந்து பார்க்கும்போது வாசலில் பச்சை தெரிய வேண்டும். இந்த அவசரம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் அவசரம் இல்லாதிருந்தாலும் நான் கரம்பைதான் அடித்திருப்பேன்.

ஏனென்றால் அது எங்கள் அப்பா செய்தது. அவருக்குக் கல்லல் பக்கம் சரளைக் கொல்லை. மானாவாரியாக நிலக்கடலை போடுவார். கண்மாய் வற்றிய வருஷங்களில் சித்திரை வெயிலில் கட்டைவண்டி கட்டி, கரம்பையை வெட்டி வந்து கொல்லையில் சின்னச் சின்னக் குமிகளாகக் கொட்டிவைப்பார். கோடைமழை ஒன்று விழுந்ததும் கட்டிகள் தானாக உதிரும். பிறகு உழுது கலப்பார். அந்த வருஷம் கடலைக்கொடி கருகருவென்று நிற்கும். அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். கரம்பை என்றால் நல்ல மண் என்பது எனக்குள் கேள்வி கேட்காமல் உட்கார்ந்துவிட்ட விஷயம்.

அப்பா செய்தது சரிதான். சரளையில் ஊற்றிய தண்ணீர் நிற்காது; போட்ட எருவும் மழையோடு ஓடிவிடும். களித்துகள் என்பது 0.002 மில்லிமீட்டருக்கும் குறைவானது. அவ்வளவு சின்னத் துகள்கள் சேர்ந்தால் மொத்தப் பரப்பு ஏராளம். தண்ணீரையும் சத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும். சரளைக்கு இல்லாதது எதுவோ அதைக் கண்மாய் கொடுத்தது. என் மனைக்கோ அது ஒன்றுதான் தேவைக்கு மேல் இருந்தது. அப்பாவின் வைத்தியத்தை அப்பாவுக்கு இருந்த நோய் என்னவென்று பாராமல் நான் எடுத்துக்கொண்டேன்.

"டீச்சர், நல்ல மேல்மண்ணு இருக்கு. கருப்பா, கண்மாய்க் கரம்பை. போட்டா செடி அப்படியே பத்திக்கிரும்" என்றார் டிராக்டர் தம்பி. பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த கொல்லைகளில் எல்லாம் அது பற்றிக்கொண்டுதான் இருக்கிறது. எவ்வளவு வேண்டும் என்று கேட்டார். நான் கையை நீட்டி மனையைக் காட்டி, "இது நிறையற மாதிரி போடுங்க தம்பி" என்றேன். இப்படி ஆர்டர் கொடுப்பவரைப் பார்த்தால் எந்த வியாபாரியும் சந்தோஷப்படுவான்.

கணக்கு ஒன்றும் பிரமாதம் இல்லை. மண், மணல், ஜல்லி எல்லாம் இங்கே யூனிட் கணக்கு. ஒரு யூனிட் 100 கன அடி. என் தோட்டம் போல 30 அடிக்கு 20 அடி இடம் என்றால் 600 சதுர அடி. அதில் அரையடி உயரத்துக்கு மண் வேண்டுமென்றால் 300 கன அடி, அதாவது மூன்று யூனிட். உதிரியாக வந்த மண் ஒரு மழையில் அமுங்கும் என்பதால் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். வண்டி வந்ததும் தொட்டியின் நீளம், அகலம், மண் நிற்கும் உயரம் மூன்றையும் டேப் பிடித்துப் பெருக்கினால் எத்தனை யூனிட் என்று தெரிந்துவிடும். கூச்சப்பட ஒன்றுமில்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கனஅளவு போடச் சொல்லிக்கொடுத்தவள், வண்டி நின்றபோது டேப்பை எடுக்கவில்லை.

இன்னொன்றையும் கேட்கவில்லை: நடைச்சீட்டு. மண் எங்கே வெட்டியது, யார் அனுமதியில் வந்தது என்பதற்கு அதுதான் சான்று. கண்மாய் வண்டலையும் களியையும் விவசாயத்துக்கும் வீட்டு உபயோகத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் அனுமதி வாங்கி இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள், 1959-ல் இடமிருக்கிறது. 2024-ல் அதை இன்னும் எளிதாக்கி, தாசில்தாரே அனுமதி கொடுக்கலாம் என்று செய்தார்கள். முறையாகப் போனால் வண்டி வாடகையோடும் ஆள்கூலியோடும் முடிகிற காரியம் இது. நான் கேட்காததால் மண்ணுக்கும் சேர்த்து விலை கொடுத்தேன். இருட்டிய பிறகே வண்டி வந்தது ஏன் என்றும் யோசிக்கவில்லை. யோசித்தேன், கேட்க விரும்பவில்லை என்பதுதான் உண்மை.

ஐப்பசி மழை தொடங்கியது. சிவகங்கை மாவட்டத்தில் ஆண்டு மழையில் அதிகப் பங்கு வடகிழக்குப் பருவத்தில் வந்து விழுவது. மனையில் கணுக்கால் தண்ணீர் நின்றது. பழைய களியின் மேல் புதிய களி. இரண்டுக்கும் நடுவே ஒட்டு இல்லை. மேலே இருப்பது நனைந்து சேறாகும், கீழே இருப்பது நீரை வாங்காது. செருப்பு மாட்டிக்கொண்டு இறங்கினால் செருப்பு அங்கேயே நிற்கும், நான் மட்டும் வருவேன். மல்லிகை இலை வெளுத்தது. கொய்யாக் கன்றைப் பிடித்து லேசாக இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. வேர் கருத்து, தோல் உரிந்து, முகர்ந்தால் சாக்கடை வாடை. அதே நிலம் மாசி பிறந்ததும் விரல் நுழைகிற அளவுக்கு வெடித்தது.

பக்கத்து வீட்டு ஆச்சி மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, "ஏன் டீச்சர், இதுல நாத்து விட்டா அருமையா வருமே" என்றார்கள். கிண்டல் இல்லை. அவர்களுக்கு அந்த நிலம் அப்படித்தான் தெரிந்தது. அதுதான் சரியான பார்வையும்கூட. களி கெட்ட மண் இல்லை. இதே மாவட்டத்தில் மானாமதுரைக் குயவர்கள் கண்மாய்க் களியைத் தேடித் தேடி எடுக்கிறார்கள். கச்சேரி மேடைக்குப் போகிற மானாமதுரை கடம் அந்த மண்ணில்தான் பிறக்கிறது. மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. தண்ணீரை விடாத மண் பானைக்கு வேண்டும், வயலுக்கு வேண்டும். மல்லிகைக்கு வேண்டாம், அவ்வளவுதான்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்து மணல். "களி இறுகுதுன்னா மணல் கலங்க டீச்சர், பொலபொலன்னு ஆகிரும்" என்று கொத்தனார் சொன்னார். வீடு கட்டி மிஞ்சிய எம்-சாண்ட் ஒரு குமி கிடந்தது. கிணற்றடிப் பக்கம் அதைக் கொட்டிக் கொத்திக் கலந்தேன். கேட்க நியாயமாகத்தான் இருக்கும்: ஒட்டுகிற மண்ணில் ஒட்டாத மண்ணைச் சேர்த்தால் நடுவாந்தரமாக வரும். வராது. மணல் பாதிக்கு மேல் இருந்தால்தான் களியின் குணம் மாறும். அதற்குக் குறைவாகப் போட்டால் மணல் துகள்கள் களிக்குள் தனித்தனியே புதைந்துகொள்ளும். காய்ந்ததும் முன்னைவிட இறுகும். செங்கல் அறுக்கிறவர்கள் கலக்கிற கலவை கிட்டத்தட்ட அதுதான். என் கிணற்றடியில் கடப்பாரை போட்டால் 'டங்'கென்று சத்தம் வந்தது. இப்போது அங்கே ஸ்கூட்டி நிறுத்துகிறோம். மழைக்கும் சக்கரம் பதிவதில்லை.

அதற்குப் பிறகுதான் மூடாக்கு என்ற வார்த்தை என் காதில் விழுந்தது. நிலத்தை வெயிலுக்கு விடாமல் சருகோ வைக்கோலோ போட்டு மூடிவைப்பது. அதையும் நான் ஒழுங்காகச் செய்யவில்லை. சிங்கம்புணரி இங்கிருந்து பக்கம். கயிறு, தென்னைநார் ஆலைகளுக்குப் பேர்போன ஊர். ஆலைகளின் பின்னால் நார்க்கழிவு மலையாகக் கிடக்கும். மலிவு. ஒரு வண்டி சொல்லிவிட்டேன். காப்பிப்பொடி நிறத்தில், தொட்டால் பஞ்சாக, பார்க்க அத்தனை அழகு. களியைப் பொலபொலப்பாக்க இதுதான் மருந்து என்று முடிவுகட்டி மண்ணோடு கொத்திக் கலந்துவிட்டேன்.

செடிகள் மறுபடியும் மஞ்சளாயின. இந்த முறை தண்ணீர் நிற்கவில்லை, வேர் அழுகவில்லை, ஆனாலும் வெளுப்பு. காரணம் நான் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப்போட்ட காரணம்தான். பச்சை நார்க்கழிவில் கரிச்சத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 112-க்கு 1. அதைத் தின்று மட்கவைக்கும் நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து வேண்டும். கழிவில் இல்லாததால் மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். செடிக்கு மிச்சமில்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகம் இதற்கு வழி சொல்லியிருக்கிறது: சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் அடுக்கடுக்காகப் போட்டு ஈரம் காத்துவைத்தால் அந்த விகிதம் 24-க்கு 1 வரை இறங்கும். அதன் பிறகு மண்ணில் கலக்கலாம். பச்சையாக இருப்பதை மேலே பரப்பலாம், உள்ளே கலக்கக் கூடாது. மேலே கிடக்கும்போது மண்ணைத் தொடுகிற அந்த மெல்லிய இடத்தில் மட்டும்தான் பசி, வேருக்குத் தெரியாது. 'கலக்காதே, போர்த்து' என்பதுதான் எனக்கு மண்டையில் ஏறாமல் இருந்தது. ஓய்வு பெற்றவளுக்குக் கையில் மண்வெட்டி இருந்தால் எதையாவது கொத்தத்தான் தோன்றும்.

பிறகு ஜிப்சம் வந்தது. வந்திருக்கும். என் வீட்டுக்காரரின் சிநேகிதர் ஒருவர், "களின்னா ஜிப்சம் போடணும், எல்லாம் சரியாயிரும்" என்று மூட்டை விலையே விசாரித்துவிட்டார். அதற்குள் நான் ஓரளவு சூடுபட்டிருந்தேன். மண்ணை எடுத்துப் பார்த்துவிட்டு வாங்குவோம் என்றேன். முதன்முதலாக.

மண் மாதிரி எடுப்பதில் ஒரு முறை இருக்கிறது. மேலே கிடக்கும் சருகைத் தள்ளிவிட்டு, ஆங்கில 'வி' வடிவில் அரையடிக்குக் குழி வெட்டி, அதன் ஓரத்தை மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் சீவ வேண்டும். இப்படிப் பல இடங்களில் எடுத்து, ஒன்றாகக் கலந்து, வட்டமாகப் பரப்பி நாலாகப் பிரித்து, எதிர் எதிர்ப் பங்குகளைத் தள்ளிவிட்டு மறுபடி கலந்து, அரைக்கிலோ வரும்வரை குறைப்பது. நிழலில் உலர்த்தித் துணிப்பையில் போட்டுக் கொடுக்கலாம். எரு குமி, மதில் ஓரம், சிமெண்டு சிந்திய மூலை ஆகிய இடங்களைத் தவிர்க்க வேண்டும். சிவகங்கையில் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையம் இருக்கிறது. குன்றக்குடியில் வேளாண் அறிவியல் நிலையம். நம் ஊர்ப்பக்கம் வீட்டுத்தோட்டத்துக்காக அங்கே போகிறவர்கள் குறைவு. விவசாயிகள் போகிற இடம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

அதற்கு முன்பே வீட்டில் செய்துபார்க்கக்கூடியவை உண்டு. நான் வருஷம் தவறாமல் பிள்ளைகளுக்குச் செய்துகாட்டியது: கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை சோப்புப்பொடி, நன்றாகக் குலுக்கி அசையாமல் வைத்துவிட வேண்டும். மணல் ஒரு நிமிஷத்தில் அடியில் உட்காரும். வண்டல் சில மணி நேரத்தில். களி ஒரு நாளுக்கு மேல் தொங்கிக்கொண்டே இருக்கும். என் பாட்டிலில் அடியில் மணல் ஒரு கோடு மாதிரி, அதன்மேல் கொஞ்சம் வண்டல், மீதி எல்லாம் கலங்கல். கரம்பையைத் தனியாகக் குலுக்கினேன், அதுவும் அதேதான். இரண்டு பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் ஜன்னலில் வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எது என் மண், எது நான் விலைக்கு வாங்கியது என்று சீட்டு ஒட்டாமல் சொல்ல முடியாது.

ஜிப்சத்துக்கு இன்னொரு சோதனை. காய்ந்த மண்கட்டி ஒன்றைக் கோலிக்குண்டு அளவில் எடுத்து, மழைத்தண்ணீர் ஊற்றிய கிண்ணத்தில் மெதுவாக இறக்கி, தொடாமல் விட வேண்டும். கட்டியைச் சுற்றிப் பால் கலந்த மாதிரி கலங்கல் பரவினால் சோடியம் உப்பு அதிகம் என்று சந்தேகப்படலாம். அது களர் குணம், ஜிப்சம் வேலை செய்யும். கட்டி சும்மா உதிர்ந்து குவியலாக உட்கார்ந்து, தண்ணீர் தெளிவாகவே நின்றால் ஜிப்சத்துக்கு அங்கே வேலையில்லை. என் கிண்ணத்தில் தண்ணீர் தெளிவாக நின்றது. பரிசோதனை அட்டையும் அதையே சொன்னது: களர் இல்லை, உவர் இல்லை, கரிமச்சத்து மட்டும் குறைவு. ஜிப்சம் மூட்டைக் காசு மிச்சம். என் வீட்டுக்காரரின் சிநேகிதருக்குக் கொஞ்சம் வருத்தம்.

கரிமச்சத்து குறைவு என்ற அந்த ஒரு வரிதான் நான் தேடிக்கொண்டிருந்தது. களித்துகளும் களித்துகளும் ஒட்டிக்கொண்டால் சேறு. நடுவில் மட்கு வந்து அவற்றைச் சின்னச் சின்னக் குருணையாகச் சேர்த்தால் குருணைக்கும் குருணைக்கும் நடுவே காற்றும் நீரும் போகும். மணலால் ஆகாததை மட்கு செய்கிறது. அதற்கு டிப்பர் தேவையில்லை. எக்டேருக்கு 12.5 டன் தொழுவுரம் என்பது பயிருக்குப் பொதுவாகச் சொல்லும் சிபாரிசு. சதுர மீட்டருக்கு ஒன்றேகால் கிலோதான் வருகிறது. என் 600 சதுர அடிக்கு எழுபது கிலோ. இரண்டு மூட்டைக்குள் அடங்குகிற விஷயம். நான் வண்டி வண்டியாக இறக்கியிருந்தேன்.

வேலை இப்படிப் போனது. கரம்பையில் பாதியை அள்ளி ஆச்சியின் கொழுந்தனார் கொல்லைக்கு அனுப்பினேன். அவருக்கு மேட்டுப்பக்கம் செம்மண். அள்ளுகூலி என்னுடையது. "சும்மா வாங்குறது நல்லாயிருக்காதே டீச்சர்" என்று அவர் கத்தரிக்காய் கொடுத்தனுப்பினார். கரம்பை அதன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மீதிக் கரம்பையை வரப்பாக ஒதுக்கி, மேட்டுப்பாத்தி போட்டேன். பாத்திக்கு நடுவே வாய்க்கால், வாய்க்கால் தெருப்பக்கம் சாயும். பெரிய நிலம் என்றால் உளிக்கலப்பை கொண்டு அடி இறுக்கத்தைக் கிழிக்கலாம்; எனக்குக் கடப்பாரைதான். மண் பதமாக இருக்கும்போது மட்டும் குத்தினோம். கையில் எடுத்து விரலுக்கு நடுவே அழுத்தினால் நாடாவாக நீண்டால் ஈரம் அதிகம், அன்றைக்கு வேலை இல்லை. உதிர்ந்தால் இறங்கலாம். ஈரக் களியில் இறங்கி மிதிப்பதும் தொளி கலக்குவதும் ஒன்றுதான்.

புரட்டாசியில் தக்கைப்பூண்டு விதைத்தேன். ஈரம் நின்றாலும் வளரும், வேர் ஆழமாக இறங்கும். பூக்கிற சமயத்தில் வெட்டி அங்கேயே படுக்கப் போட்டேன். அதன்மேல் சருகு. காரைக்குடிப் பக்கம் காலையில் எந்தத் தெருவுக்குப் போனாலும் யாராவது வேப்பஞ்சருகைக் கூட்டித் தீ வைத்துக்கொண்டிருப்பார்கள். சாக்கு கொடுத்துக் கேட்டேன். முதலில் ஒரு மாதிரி பார்த்தார்கள். பிறகு கூட்டுகிற அக்காமாரே மூட்டை கட்டி வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். "குப்பையைக் காசில்லாம அள்ளிக்கிட்டுப் போகுது டீச்சரு" என்று அவர்களுக்குச் சந்தோஷம். செக்கில் நிலக்கடலைத் தோல் மூட்டையாகக் கிடைக்கும். தென்னை மட்டையை நறுக்கிப் போடலாம். தைலமரத்து இலையை மட்டும் நாற்றுப் பக்கம் கொண்டுபோகவில்லை. வெளிநாட்டுப் படங்களில் பார்க்கிற மரப்பட்டைச் சில்லும் இப்போது பை பையாக விலைக்கு வருகிறது. வேப்பமரம் உள்ள தெருவில் அதை வாங்குகிறவர்களை எனக்குப் புரிவதில்லை.

மூடாக்கு மூன்று அங்குலம் போதும். 600 சதுர அடிக்கு அது ஒன்றரை யூனிட். சருகு அமுங்கிவிடும், ஆகவே திரும்பத் திரும்பப் போட வேண்டும். செடியின் தண்டைச் சுற்றி ஒரு சாண் விட்டுவிட வேண்டும். தண்டோடு அணைத்துக் குவித்தால் பட்டை அழுகும்.

சுவரோடு அணைத்தாலும் வம்புதான். அதையும் நான் அனுபவித்தேன். என் வீட்டு முன்வாசல் நிலை காரைக்குடிப் பழம்பொருள் கடையில் வாங்கியது. இடித்த வீட்டு பர்மாத் தேக்கு. பக்கத்து ஜன்னல் சட்டமோ புது மரம், சாதாரண ரகம். சுவரோரம் சருகைக் குவித்திருந்தேன். ஒரு நாள் விளக்குமாற்றால் தள்ளும்போது சுவரில் பென்சில் கனத்துக்கு மண்கோடு ஒன்று மேலே ஏறிப்போவது தெரிந்தது. நகத்தால் கீறினேன். உள்ளே வெள்ளையாகக் கறையான், அவசரம் அவசரமாக. கோடு தேக்கை மதிக்காமல் வளைந்து நேராக ஜன்னல் சட்டத்துக்குள் போயிருந்தது. சட்டத்தின் கீழ்மூலையை அழுத்தினால் விரல் உள்ளே இறங்கியது. இப்போது சுவரிலிருந்து இரண்டு அடிக்கு வெறும் தரை, சரளை பரப்பிவிட்டேன். சருகுக்குள் தேள் இருக்கும் என்பதால் வெறுங்கையால் அள்ளுவதும் இல்லை.

அடுத்த ஐப்பசியிலும் தண்ணீர் நின்றது. ஆனால் வாய்க்காலில் நின்றது, பாத்தியில் இல்லை. சருகைக் கையால் விலக்கிப் பார்த்தால் மேலே இரண்டு விரல் கனத்துக்கு மண் நிறமே வேறு. அதற்குக் கீழே பழைய களிதான். மண்புழு போட்ட உருண்டைகள் அங்கங்கே. மல்லிகை பிழைத்தது, கொய்யா மறுபடி வைத்தேன். நாரத்தை ஏனோ வரவே இல்லை.

போன மாதம் டிராக்டர் தம்பி மறுபடி வந்தார். "டீச்சர், இந்தத் தடவை நெசமாவே மேல்மண்ணு. மேட்டுப்பக்கம் ஒரு கொல்லை பிளாட் போடுறாக. கடலை போட்ட மண்ணு. ஜேசிபி வந்தா எல்லாம் அடியில போயிரும்." நடைச்சீட்டு வருமா என்றேன். "வரும் டீச்சர். நீங்க கேப்பீகன்னு தெரியும்."

எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. மேல்மண் என்று நாம் வாங்குவது யாரோ ஒருத்தர் கொல்லையின் மேல்தோல். ஓர் அங்குலம் உருவாக நூற்றாண்டுகள் ஆகிற சமாச்சாரம். வாங்க ஆள் இருப்பதால்தான் உரிக்கிறார்கள் என்று ஒரு மனசு. எப்படியும் அது வீட்டுக்கு அடியில் புதையப்போகிறது, என் தொட்டிச் செடிகளுக்காவது ஆகட்டுமே என்று இன்னொரு மனசு. எது சரி என்று இன்றைக்கும் எனக்குத் தீர்மானமாகச் சொல்லத் தெரியவில்லை.

"நாளைக்கு ஒரு பையில கொஞ்சம் கொண்டாங்க தம்பி, பாத்துட்டுச் சொல்றேன்."

"மண்ணுல பாக்க என்ன இருக்கு டீச்சர்?"

"பாட்டில்ல போட்டுப் பாக்கணும்."

தம்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர், "ஒரு நாள் ஆகும், அவசரப்படாதீக" என்றார்.